விளிம்பில் இருபத்து மூன்று

வலது மணிக்கட்டு எனக்கு முன்னால் எழுந்துவிடும். உள்ளே எறும்பு ஊர்வது போலத் தொடங்கி, நான் புரண்டு படுப்பதற்குள் முழங்கை வரை ஏறியிருக்கும். கண்ணைத் திறக்கும்போது விரல் ஐந்தும் மரக்கட்டை. இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினால்தான் பல் தேய்க்கவே முடியும். இருபத்தாறு வருஷம் சுற்றுகிற சக்கரத்தில் உலோகத்தை அழுத்திப் பிடித்த கை. மோட்டாரை நிறுத்தினாலும் கைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

“அந்தக் கைய எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க” என்பாள் என் பெண்டாட்டி. அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளுக்குத் தோள்பட்டை. எங்கள் வீட்டில் தைலப் புட்டி உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும், இரண்டும் ஒரே வேகத்தில் தீரும்.

என் கடை ஒரு ஷட்டர் அகலம். உள்ளே ஒரு மோட்டார், அதன் ஒரு பக்கம் முரட்டு நார்ச்சக்கரம், மறுபக்கம் துணிச்சக்கரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஊதி ஒட்டுகிற சின்ன அடுப்பு, சுவரோரம் ஒரு சாக்கு மூட்டை. குழாய், கதவுக் கைப்பிடி, சைலன்சர், ஆஸ்பத்திரித் தட்டு, விளையாட்டுக் கோப்பை என்று எது வந்தாலும் கண்ணாடியாகத் திருப்பிக் கொடுப்பேன். மூட்டையில் இருப்பது தூசி. வெள்ளிச் சாமான் தேய்க்கிற நாளில் சக்கரத்துக்கு அடியில் விழும் கறுப்புப் பஞ்சையும் பொடியையும் தனியே கூட்டி அதில் போடுவேன். மூட்டை நிறைய மூன்று நாலு வருஷம் ஆகும். நிறைந்ததும் உருக்குகிறவர் வந்து தூக்கிப் போவார். எரித்து, உருக்கி, உள்ளே ஒளிந்திருக்கும் வெள்ளியைப் பிரித்துவிடுவார்.

சொந்தக் கடை போடுவதற்கு முன் பதினாலு வருஷம் முலாம் தொழிற்சாலையில் நின்றேன். சேர்ந்த முதல் வாரமே ஒரு தட்டின் விளிம்பு என் உள்ளங்கையைக் குறுக்கே திறந்தது. ஏழு தையல். கட்டுப்போட்ட கையைப் பார்த்து மேஸ்திரி கேட்டது ஒன்றே ஒன்று. “விளிம்ப எடுக்காம நடுவுல ஏண்டா போன?” அதற்குப் பிறகு எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் முதலில் விளிம்பை நார்ச்சக்கரத்தில் ஒரு சுற்று காட்டிவிட்டுத்தான் மற்றது. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. செருப்பு மாட்டுகிறவன் எந்தக் கால் முதலில் என்று யோசிப்பதில்லை.

பல் டாக்டர் என் கடைக்கு முதன்முதலாக வந்தது ஆறு வருஷத்துக்கு முன். கூடப் படித்த டாக்டர்கள் எல்லாரும் நிலம் வாங்கிப் போட, இவர் பழைய பட்டாளத்துச் சாமான் வாங்கிச் சேர்த்தார். மெடல்கள், படைப்பிரிவு முத்திரை போட்ட வெள்ளிக் கோப்பைகள், அதிகாரிகள் சாப்பாட்டு மேஜையில் நின்ற மெழுகுவத்தித் தண்டு, உப்புக் கிண்ணம், சுருட்டுப் பெட்டி. கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் அறையில் இரண்டு கண்ணாடி அலமாரி நிறைய இதுதான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் எதிரே நூறு வருஷத்துப் போர் வரிசையாகத் தொங்கும்.

“இதப் பாத்தா நம்ம வலி சின்னதாத் தெரியும்ல?” என்பார்.

அன்று அவர் கொண்டுவந்தது இரண்டு காது வைத்த பெரிய வெள்ளிக் கோப்பை. ஒரு காது ஆடியது. உதட்டுக்குக் கீழே முட்டை அளவுக்கு ஒரு நசுங்கல்.

“காத மட்டும் ஒட்டுங்க. நசுங்கல எடுத்தீங்கன்னா உங்க பல்ல எடுத்துருவேன்” என்றார்.

“நசுங்கல வெச்சுகிட்டு என்ன டாக்டர் பண்ணப் போறீங்க?”

“ஒரு சின்ன அதிகாரி குடிச்சுட்டு பெரிய அதிகாரி படத்து மேல எறிஞ்சது. அவங்க பதிவுப் புத்தகத்துலயே எழுதி வெச்சிருக்காங்க.”

“அதிகாரி எறிஞ்சா பதிவு, நான் எறிஞ்சா நஷ்டம்” என்றேன். கடை அதிரச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘பாலீஷ்’. அவர் சாமான் எதுவானாலும் என்னிடம்தான் வரும். எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் விரலால் காட்டிச் சொல்லிவிட்டுப் போவார். கறுப்பு அப்படியே இருக்கட்டும், கீறல் அப்படியே இருக்கட்டும் என்று பாலீஷ் போடுகிறவனிடம் சொல்கிற ஒரே வாடிக்கைக்காரர்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு காகித உறையோடு வந்தார். உள்ளே ஒரு வெள்ளி மெடல். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள். மொத்தமும் கறுத்துப்போய், அடுப்புக்கரியில் புரட்டி எடுத்தது போல இருந்தது. நாடா கோர்க்கிற வளையம் ஒடிந்து தனியே கிடந்தது.

“வளையத்தப் பத்தவைக்கணும், அவ்வளவுதான். முகத்துல கை வெக்காதீங்க. ராஜா மூக்குல ஒரு அடி பட்டிருக்கு பாருங்க, அதுவும் அப்படியே இருக்கணும். பின்பக்கக் குதிரையும் அப்படியே.”

“கறுப்பு?”

“கறுப்பும்.”

“அப்ப எனக்கு இதுல என்ன வேல? வெல்டிங் கடையில குடுத்துரலாமே.”

“அங்க குடுத்தா வளையம் இருக்கும், மெடல் இருக்காது.”

விளிம்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெடல் சேர்க்கிறவர்களுக்கு விளிம்புதான் உயிர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது; அதற்கு முன் நான் மெடல் தொட்டதில்லை. மெடல் பெற்ற பட்டாளத்துக்காரன் எண்ணும் பெயரும் அங்கேதான் இருக்கும். அதைத் தொடாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. போகிற வழியில் யாரையும் கொல்லாதே என்று யாரும் யாரிடமும் சொல்லி அனுப்புவதில்லை அல்லவா.

புதன்கிழமை காலை வளையத்தை ஒட்டினேன். ஒட்டு நன்றாகப் பிடித்தது. ஆனால் தீ பட்ட இடத்தில், வளையத்துக்கு இரண்டு பக்கமும், விளிம்பில் நீலமும் செம்புநிறமுமாக ஒரு கறை. அதை எடுக்க நார்ச்சக்கரத்தில் காட்டினேன். கறை போயிற்று. கை நிற்கவில்லை. மெடலை முகம் படாமல் இரண்டு விரலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு விளிம்பில் ஒரு சுற்று. கறுப்புக்கு அடியில் முள்முள்ளாக ஏதோ இடறியது. பழைய சாமான், எங்கே போட்டுப் புரட்டினார்களோ என்று சக்கரத்துக்கு உலோகத்தை அரிக்கிற வெட்டுச் சோப்பு வைத்து, இன்னும் அழுத்தி இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. இடறல் நின்று வழவழவென்று ஓடியது. ராஜா மூக்கில் இருந்த அடி, குதிரைக் கால் இடுக்கில் இருந்த கறுப்பு எல்லாம் வந்தபடியே இருந்தன. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று நிம்மதியாகத் தண்ணீர் குடித்தேன்.

திரும்ப உறைக்குள் போடும்போதுதான் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த துண்டுச் சீட்டு விழுந்தது. டாக்டர் கையெழுத்து. ‘விளிம்பில்’ என்று எழுதிக் கோடிட்டு, கீழே நாலு எண், அதற்குப் பிறகு ஒரு ஆள் பெயர், கோவேறு கழுதை ஓட்டுபவர் என்பதற்கான சுருக்கம், படையின் சுருக்கம். எண்ணிப் பார்த்தேன். நாலு எண், பத்தொன்பது எழுத்து. மெடலைத் திருப்பித் திருப்பி விளிம்பைப் பார்த்தேன். என் மூக்குதான் நீளமாகத் தெரிந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் சாயங்காலம் போன் செய்தேன்.

“பாலீஷ்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். வேல முடிஞ்சுதா? ஞாயித்துக்கிழம அவங்க வராங்க.”

“யாரு டாக்டர்?”

அவர் சொன்னதை நான் நின்றபடியே கேட்டேன். பிறகு மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பெண் கடைவாய்ப் பல் பிடுங்க வந்திருக்கிறாள். கிடங்கு ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவள். வாய் மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் அலமாரியைப் பார்த்திருக்கிறாள். பல்லை எடுத்த பிறகு, பஞ்சைக் கடித்துக்கொண்டே ஒரு நாலு எண்ணைச் சொல்லி, இந்த எண் போட்டது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அவள் அப்பாவின் தாத்தா கழுதைப் படையில் சுமை ஓட்டப் போனவர். போன இடத்திலேயே செத்தார். எங்கே புதைத்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. மெடல் மட்டும் தபாலில் வந்தது. மூன்று தலைமுறையாக வீட்டில் இருந்ததை, முப்பது வருஷத்துக்கு முன் அவள் அம்மா நோயில் விழுந்தபோது வெள்ளிக் கடையில் போட்டுவிட்டார்கள். அந்தக் கடைக்காரர் ஓய்வு பெறும்போது ஒரு தகர டப்பா மெடலை டாக்டரிடம்தான் தள்ளிவிட்டார். டாக்டர் தன் சாமான் பதிவேட்டைப் புரட்டினார். இருந்தது.

“அவங்க அப்பாவுக்குக் கண்ணு கிடையாது பாலீஷ். சுண்ணாம்புக் காளவாயில வேல பாத்தவரு. ஒரு நாள் தெறிச்சு ரெண்டும் போச்சு. படிப்பும் கிடையாது. அந்த விளிம்புல இருக்கிற எழுத்துதான் அவருக்குத் தெரிஞ்ச மொத்த எழுத்து. கண்ணு போன பிறகு தினமும் அத விரலால தடவித் தடவிப் படிப்பாராம். அவர் தாத்தா பேரு வேற எங்கயும் எழுதியே இல்லையாம். பதினஞ்சு வருஷமா சேக்கறேன். ஒரு சாமானக்கூட யாருக்கும் குடுத்ததில்ல. இதக் குடுக்கப் போறேன். வளையத்தோட, புது நாடா போட்டு அவர் கையில வெக்கணும். சரி, நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“வேல முடிஞ்சுருச்சு. அதச் சொல்லத்தான்” என்றேன்.

பெண்டாட்டியிடம் எதையும் மறைக்க முடியாது. என் துணியை இஸ்திரி போடும்போதே சட்டைப்பையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுவாள். முழுக்கக் கேட்டுவிட்டு, “போய்ச் சொல்லிடுங்க” என்றாள். “நான் ஒருத்தர் சட்டையக் கருக்கினா அந்தச் சட்டையோடயே போய் நிக்கல?”

“சட்டைன்னா வேற வாங்கிக் குடுத்துரலாம்.”

“அப்படின்னா நீங்க இன்னும் சீக்கிரமாப் போகணும்.” நான் மெடலைக் கைக்குட்டையில் சுற்றுவதைப் பார்த்தாள். “என் தம்பிகிட்டப் போறீங்க. அப்படித்தானே?”

“இல்ல.”

“அவன்கிட்டப் போறதுன்னா அவன் வாங்கிட்டுப் போன டார்ச் லைட்டயும் கேட்டு வாங்கிட்டு வாங்க.”

என் மச்சான் கோப்பையிலும் கேடயத்திலும் எழுத்து வெட்டுகிறவன். மூன்றாம் பரிசு பெற்றவன் பெயரைக்கூட முதல் பரிசு போல வெட்டுவான். நான் போனபோது ஒரு ஓட்டப் பந்தயக் கேடயத்தை மடியில் வைத்திருந்தான்.

“வாங்க மச்சான். என்ன இது, நீங்க போருக்குப் போனதச் சொல்லவே இல்ல?”

சீட்டைக் கொடுத்தேன். படித்தான். மெடலை விளக்கடியில் உருட்டினான்.

“இதுல ஏற்கெனவே எழுத்து இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“இப்ப எங்க?”

“சாக்குல.”

புரிந்ததும் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “முன்னாடி எழுத்து எப்படி இருந்துச்சு? நேரா, சாய்வா?” என்றான்.

“தெரியாது. நான் பாக்கவே இல்ல.”

“பாக்காமயே அழிச்சீங்களா? பெரிய ஆளு மச்சான் நீங்க.”

அவனிடம் கிழவர் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் கேலி பேசவில்லை. கவராயம் வைத்து விளிம்பை இருபத்து மூன்றாகப் பிரித்தான். ஊசியால் புள்ளி வைத்தான். உளியை எண்ணெய்க் கல்லில் தீட்டினான். மூன்று மணி நேரம் மூச்சை அடக்கி அடக்கி வெட்டினான். ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே இடைவெளி. முடித்ததும் விளக்கு மையைத் தடவித் துடைத்தான். நூறு வருஷம் அங்கேயே இருந்தது போல இருந்தது.

“எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது” என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. டார்ச் லைட்டைக் கேட்க மறந்துவிட்டேன்.

டாக்டரிடம் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அதை வைத்து மெடலைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கக் கூடாது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே அரை மணி தாமதமாகப் போனேன். நான் நினைத்தபடியே அவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிளினிக் விடுமுறை. நோயாளிகள் அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார் டாக்டர்.

கிரேன்காரிக்கு என் வயது இருக்கும். நெம்புகோல் பிடித்துக் காய்த்த கை. கழுத்து கொஞ்சம் பின்னால் சாய்ந்தே நின்றது. நாள் முழுக்க மேலே பார்க்கிறவர்களுக்கு அப்படி ஆகிவிடும். அப்பாவுக்கு எண்பது இருக்கும். கறுப்புக் கண்ணாடி. அதன் ஓரத்தில் நெற்றி வரை வெள்ளைத் தழும்பு. மகள் இஸ்திரி போட்ட சட்டை போலிருக்கிறது, கழுத்துப் பட்டையில் இரட்டை மடிப்பு விழுந்திருந்தது.

டாக்டர் அவருக்கு அந்தக் காது வைத்த வெள்ளிக் கோப்பையில் தண்ணீர் கொடுத்திருந்தார்.

“இதுல பெரிய பெரிய பட்டாளத்து அதிகாரிங்க குடிச்சிருக்காங்க ஐயா.”

“அப்புறம் கழுவினீங்களா?” என்றார் கிழவர். குடித்துவிட்டுக் கோப்பையை ஒரு சுற்று சுற்றினார். கட்டைவிரல் போய் நசுங்கலில் நின்றது. “இங்க அடி பட்டிருக்கே. ஒட்டின காதும் இதுதான். இந்தக் காது அந்தக் காத விடக் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்குது.”

ஆறு வருஷமாக அது எனக்குத் தெரியாது.

டாக்டர் என் கையிலிருந்து உறையை வாங்கினார். பூதக்கண்ணாடியைத் தேடவில்லை, புது நாடாவைக் கோர்த்தார், மெடலை அப்படியே கிழவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

கிழவர் கொஞ்ச நேரம் மூடியபடியே வைத்திருந்தார். எடை பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு வளையத்தை மேலே வைத்து, வலது பெருவிரல் நகத்துக்குக் கீழ்ச் சதையை விளிம்பில் பதித்து, மெல்ல உருட்டத் தொடங்கினார். உதடு அசைந்தது. முதல் நாலு எண்ணிலேயே உதடு நின்றுவிட்டது. விரல் மட்டும் போனது. ஒரு சுற்று. மறுபடி ஆரம்பத்திலிருந்து இன்னொரு சுற்று. பிறகு மெடலைத் தன் முழங்காலில் வைத்தார்.

“இது இல்ல” என்றார்.

“அப்பா, சரியாப் பாருங்க. எண்ணு அதானே?”

“எண்ணு அதான். பேரும் அதான். ஆனா இது இல்ல. எங்களுதுல எண்ணுல இருக்கிற ஏழு முழுசா எறங்கியிருக்காது, தல மட்டும்தான் தட்டும். பேருல மூணாவது எழுத்து கொஞ்சம் கீழ எறங்கி நிக்கும். எவனோ அவசரத்துல அச்ச அடிச்சிருக்கான். ஆயிரம் பேருக்கு அடிக்கிறவன் என்ன பண்ணுவான். இதுல எல்லாம் இஸ்கூல் புள்ளைங்க மாதிரி கை கட்டி வரிசையா நிக்குது. ஓரம் கூரா இருக்கு, தோலக் கிள்ளுது. இது இந்த வாரம் வெட்டினது டாக்டர். உங்கள யாரோ ஏமாத்திட்டாங்க.”

கிரேன்காரி மெடலைக் கையில் எடுத்து, டாக்டரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“யாரு டாக்டர் ஏமாத்தினது? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அலமாரியில நீங்கதான் காட்டினீங்க. அப்ப விளிம்பும் கறுப்பா இருந்துச்சு, இப்படி பளபளன்னு இல்ல. நெசத்த வெச்சுகிட்டு எங்களுக்கு நகல் பண்ணிக் குடுக்குறீங்களா? குடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாம். நாங்க கேக்கவே இல்லையே.”

டாக்டர் முகம் வெளுத்தது. மெடலை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. விளிம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கிழவர் எழுந்துகொள்ள நாற்காலிக் கையைத் தடவினார். எழுந்து போயிருந்தால், அந்த வீட்டு மெடலை அந்த வீடே பொய் என்று விட்டுவிட்டுப் போயிருக்கும்.

“ஐயா, உக்காருங்க” என்றேன். “அது உங்களுதுதான். நான்தான் கெடுத்தேன்.”

“நீ யாருப்பா?”

“பாலீஷ் போடுறவன். வளையம் ஒட்டக் குடுத்தாரு. டாக்டர் மேல தப்பு இல்ல. ஒட்டிட்டு விளிம்ப சக்கரத்துல வெச்சுட்டேன். கீறல்னு நெனச்சுத் தேச்சுட்டேன். எல்லாம் போயிருச்சு. அப்புறம் பயந்துகிட்டு என் மச்சான வெச்சு மறுபடி வெட்டினேன். டாக்டருக்கு இப்பதான் தெரியும்.”

கிரேன்காரி என்னைப் பார்த்த பார்வையில், அவள் கிரேனில் நான் தொங்கிக்கொண்டிருந்தால் அப்போதே விட்டிருப்பாள்.

“அதையும் எப்படி நம்புறது?” என்றாள்.

“விளிம்பத் தவிர எதையும் நான் தொடல. முகத்தத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. முகத்தப் பாக்கச் சொல்லுங்க.”

டாக்டர் மெடலைத் திரும்பக் கிழவர் கையில் வைத்தார். கிழவர் இந்தத் தடவை விளிம்பை விட்டு நடுவுக்குப் போனார். ராஜாவின் நெற்றி, புருவம், அதற்குக் கீழே. மூக்கில் விரல் நின்றது. திரும்பத் திரும்ப அங்கேயே தடவியது.

“மூக்கு சப்பை” என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். “நாந்தாம்மா பண்ணினேன். ஏழு வயசு இருக்கும். கொட்டைய உடைக்கிறதுக்கு இத வெச்சுக் கல்லால அடிச்சேன். ராஜா மூக்கு போச்சு. எங்கப்பா என் மூக்கையும் அப்படியே பண்ணிடுறேன்னு தொரத்தினாரு.” மறுபடி தடவினார். “நம்மளுதுதான்.”

மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். டாக்டர் தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கிழவர் மறுபடியும் விளிம்புக்கு வந்தார். இப்போது படிக்கவில்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தார்.

“உன் மச்சான் எழுத்து அழகா இருக்குப்பா. ஆனா அது உன் மச்சான்.”

“வேணும்னா அத எடுத்துடுறேன் ஐயா. வழவழன்னே இருக்கட்டும்.”

“இன்னொரு தடவ உன் சக்கரத்துக்கா? அப்புறம் வளையம் மட்டும்தான் வீடு வந்து சேரும்.” மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. “தேச்ச வெள்ளி என்னாச்சு?”

“தூசியோட கூட்டி ஒரு மூட்டையில போட்டு வெச்சிருக்கேன்.”

“அப்ப எங்க தாத்தா உன் மூட்டையில இருக்காரு.”

“ஆமாங்க ஐயா.”

“எங்க செத்தாருன்னே தெரியாது, எங்க பொதைச்சாங்கன்னும் தெரியாது. இப்ப மூட்டையில இருக்காரு.” நான் எதையாவது சொல்ல வாயெடுத்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார். “மன்னிச்சுருங்கன்னு சொல்லாத. சொன்னா நானும் சரின்னு சொல்லணும். எனக்கு இப்ப அது வரல. உன்னத் திட்டவும் வரல. காளவாயில என் கண்ணுல சுண்ணாம்பு தெறிச்சப்ப மூடியத் தொறந்தவன் என் கூட வேல பாத்தவன்தான். அவனும் வேலயத்தான் பாத்தான். இதக் கடன்னு வெச்சுக்க.”

மெடலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாடா வெளியே தொங்கியது. மகள் அதை உள்ளே தள்ளிவிட்டு அவர் கையைப் பிடித்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் டாக்டரிடம், “கோப்பையில அந்த நசுங்கல எடுத்துடாதீங்க, பிடிக்கத் தோதா இருக்கு” என்று சொன்னது கேட்டது.

அவர்கள் போன பிறகு டாக்டர் பதிவேட்டை எடுத்தார். அந்த மெடலுக்கு நேரே ‘விளிம்பு எழுத்து பழுதுபார்ப்பில் அழிந்தது, புதிதாக வெட்டப்பட்டது, குடும்பத்திடம் கொடுக்கப்பட்டது’ என்று தேதி போட்டு எழுதினார். யார் அழித்தது என்று எழுதவில்லை.

“புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே?” என்றார்.

“அதுக்குத்தான் டாக்டர் கூப்பிட்டேன்.”

“நான்தான் பேசிட்டே இருந்துட்டேன், இல்ல?” என்று மூடியைப் பேனாவில் மாட்டினார். அது என் மேல் பழியா, அவர் மேல் பழியா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவரிடமிருந்து வேலை வரவில்லை. அந்த மெழுகுவத்தித் தண்டு ஒன்று பழுதுக்குக் காத்திருந்தது எனக்குத் தெரியும். வேறு எங்காவது போயிருக்கும்.

என் கடையில் இப்போது ஒரு வழக்கம் மாறியிருக்கிறது. எந்தச் சாமான் வந்தாலும் முதலில் விளிம்பை நகத்தால் ஒரு சுற்று தடவிப் பார்க்கிறேன். ஷவர் குழாயைக்கூட. வாடிக்கைக்காரர்கள் நான் எதையோ தேடுகிறேன் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். மரத்த விரலில் பாதி நேரம் ஒன்றும் தெரிவதில்லை. இடது கையால் தடவுகிறேன்.

போன வாரம் உருக்குகிறவர் தராசோடு வந்தார். மூட்டை கழுத்து வரை நிறைந்திருந்தது.

“இது இப்ப இல்ல” என்றேன்.

“எப்ப?”

“சொல்றேன்.”

“மூட்டை உங்களுக்கு வாடக குடுக்குதா என்ன, வெச்சு அழகு பாக்க?” என்று தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் பெண்டாட்டி வந்து மூட்டையைப் பார்த்தாள். அதன் வாயைப் புதுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

அதை எரித்தாலும் வெள்ளிதான் பிரியும், எழுத்து பிரியாது. அது எனக்குத் தெரியும். கிழவர் வீட்டுக்கு நான் தர வேண்டியது நாலு எண், பத்தொன்பது எழுத்து. ஏழு பாதிதான் இறங்கியிருக்க வேண்டும், மூன்றாவது எழுத்து கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். இன்னும் தரவில்லை.